பன்னிரண்டு கோரிக்கைகளும் ஒரு சைக்கிளும்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, சமூகப் பணி என்று சொல்லி எங்கள் வகுப்பிலிருந்து பத்துப் பேர் கோல லங்காட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டிக் கொடுப்பதுதான் திட்டம். அதற்கு முன்பாகத் 'தேவை ஆய்வு' ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். மலாய் மொழியில் நான்கு பக்கப் படிவம். பத்துப் பேரில் நானும் ஒரு தோழியும் மட்டுமே தமிழர்கள். அதனால் வீடு வீடாகப் போய், வாயாலேயே மொழிபெயர்த்துக் கேட்டு எழுதும் வேலை எங்களுக்கு. தண்ணீர், மின்சாரம், சாலை, குப்பை, பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும்.

லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டி மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"பாதுகாப்பெல்லாம் எப்படி பாட்டி இங்க?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி பகலா கேட்டுல ஜாகா இருக்கான். என் மக ஷா ஆலாம்லேர்ந்து வந்தாக்கூட ஐசிய வாங்கி வச்சுக்கிட்டு, யாரப் பாக்கப் போற, எத்தன மணிக்குத் திரும்புவன்னு கேட்டுட்டுதான் உள்ள விடுவான். மருமகன் ஒரு தடவ கோவிச்சுக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாரு. அதுக்கப்புறம் தீபாவளிக்குக்கூட வர்றதில்ல."

பாதுகாப்புக்கு நான் ஐந்து போட்டேன்.

படிவத்தின் கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று இரண்டு கோடுகள் இருந்தன. அந்த மருமகன் கதையை அதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. தண்ணீர்த் தொட்டிக்கும் மருமகனுக்கும் என்ன சம்பந்தம்? அறிக்கை கொடுத்தோம், தொட்டி கட்டினோம், படம் பிடித்துக்கொண்டோம், எனக்கு அந்தப் பாடத்தில் 'ஏ' கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன பிறகுதான் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். அது நடந்தது என்று தெரியும். யாரோ ஒரு நாதன், ஏதோ துப்பாக்கிச் சூடு என்ற அளவுக்கு. தோட்டத் தொழிலாளர்கள் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும். கொடுமைக்காரத் துரைகளை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். வெள்ளைக்காரர்களும் அவர்களைப் போலவே நடந்துகொண்ட உள்ளூர் அதிகாரிகளும் பெண்களைத் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும். குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைக்க அனுமதிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு பாக்கி. அவற்றில் ஒன்று, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக விட வேண்டும் என்பது.

அந்த வரியைக் கடந்து என்னால் உடனே போக முடியவில்லை. நான் ஐந்து போட்டது நினைவுக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே யாரோ எழுதி வைத்துவிட்ட தேவையை, ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியும் நான் காதில் வாங்காமல் வந்திருக்கிறேன்.

மற்றொன்று சைக்கிள் கோரிக்கை. தோட்டத்துப் பாதையில் சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வந்தால் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். சைக்கிளில் உட்கார்ந்தபடியே அவர்களைக் கடந்து போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். கூலி உயர்வு, மருத்துவமனை, பள்ளிக்கூடம் இருக்கும் அதே பட்டியலில், அவற்றுக்குச் சமமான ஒரு வரியாக.

எஞ்சினியர் புத்தி, உடனே செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பன்னிரண்டில் ஏழுக்கு நிர்வாகம் ஒரு காசுகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. சைக்கிளில் உட்கார்ந்து போகட்டும், சொந்தக்காரன் வந்து போகட்டும், குறை சொன்னவனை விரட்டாதே, கூட்டம் போட விடு, சங்கம் வைக்க விடு, பெண்கள் மேல் கை வைக்காதே, அடிக்கிற துரையை மாற்று. எல்லாம் இலவசம். ஆனால் கூலியை ஐந்து காசு ஏற்றிக் கொடுக்க முன்வந்த முதலாளிகளுக்கு இந்த இலவசப் பொருட்களைக் கொடுக்க மனம் வரவில்லை.

அதற்கு முன்பு தோட்டத்து மக்களிடம் யாருமே வந்து கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. தேடத் தேட எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். கேட்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மலாயா நிர்வாகத்தின் தொழிலாளர் இலாகாவில் தமிழ் தெரிந்த ஆங்கில அதிகாரிகள் இருந்தார்கள். அதற்காகவே இளம் அதிகாரிகளை மெட்ராஸ் பக்கம் அனுப்பித் தமிழ் படிக்க வைத்தார்கள். 1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவரும் மலாயாவில் உட்கார்ந்து தொழிலாளர் நிலையைப் பற்றி ஆண்டறிக்கை எழுதினார். 'கேட்க நாதியில்லை' என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் நாதி இருந்திருக்கிறது.

கேட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1920-களில் தோட்டக் கூலியை நிர்ணயிக்க விசாரணைகள் நடந்தன. ஒரு தொழிலாளியும் குடும்பமும் மாதம் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், என்ன செலவாகிறது என்று சாமான் சாமானாக விலை போட்டார்கள். அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 'நிலையான கூலி'. 1928 வாக்கில் முக்கியமான பகுதிகளில் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. முதல் தடவை வாசித்தபோது, என்ன இருந்தாலும் அந்தக் காலத்துக்கு இது பரவாயில்லையே, ஒரு முறை இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நானும் எண்ணைக் கண்டால் மயங்குகிற ஆள்தான். ஆனால் 'உயிரோடு இருக்க என்ன வேண்டும்' என்பதற்கு மேல் அந்தக் கணக்கில் ஒரு வரியும் கிடையாது. படிவத்தில் இடம் இருப்பது மட்டுமே தேவை.

அந்த எண்ணுக்கும் ஆயுள் கெட்டியில்லை. 1930-இல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்து ரப்பர் விலை விழுந்ததும் கூலியைக் குறைத்தார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். இவர்களை நம்பி இன்னும் ஆள் அனுப்பலாமா என்று பார்த்து வரத்தான் 1936 டிசம்பரில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை இந்திய அரசு மலாயாவுக்கு அனுப்பியது.

சாஸ்திரி சாதாரண ஆள் இல்லை. வலங்கைமானில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தவர், ஆங்கிலப் பேச்சுக்கு 'வெள்ளி நாக்கு' என்று பெயர் வாங்கியவர். முக்கியமாக, தஞ்சாவூர்க்காரர். பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்களில் பலரும் அவருடைய ஊரையொட்டிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான். நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இதைவிடப் பொருத்தமான காது கிடைக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1937-இல் வந்த அவருடைய அறிக்கை பழைய 50 காசு, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கக் காரணம் இல்லை என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தது. அடுத்த வருடமே, 1938-இல், ரப்பர் விலை சரிந்தது என்று கூலியை மறுபடி வெட்டினார்கள். அதன் பிறகு இந்திய அரசே அந்தக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

சாஸ்திரியை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவரும் கையில் ஒரு படிவத்தோடு வந்தவர்தான். 'ஆள் அனுப்பலாமா, கூடாதா' என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குச் சைக்கிளைப் பற்றிய பதில் வராது. வந்தாலும் அதை எங்கே எழுதுவது? நான் மருமகன் கதையை எங்கே எழுதினேன்?

மொழி தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையை என்னிடம் முழுசாக உடைத்தது வேறொரு புத்தகம். இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் வெள்ளைக்காரச் சின்னத் துரைகள் தமிழ் கற்றுக்கொள்ள 19-ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கையடக்க நூலை அச்சிட்டார்கள். அதன் தலைப்பே 'இங்கே வா'. மலாயாவின் ஆரம்பகாலத் தோட்டக்காரர்களில் பலர் இலங்கையில் தொழில் பழகிவிட்டு வந்தவர்கள்தான். ஆளைப் பிடிக்கும் கங்காணி முறையைப் போல இந்தத் தமிழையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இங்கே வா, அங்கே போ, வெட்டு, தூக்கு. துரைக்குத் தமிழ் தெரியும் என்று நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்போம். ஒருவனை ஏவுவதற்கு எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்க அது போதாது.

நடுவில் கிராணிகள். யாழ்ப்பாணத்தவர்கள், மலையாளிகள், ஆங்கிலம் படித்தவர்கள். நம் தோட்டக் கதைகளில் கிராணி பெரும்பாலும் கெட்டவனாகத்தான் வருவார். எல்லாரும் அப்படி இருந்திருக்க முடியாது. ஆனால் லயத்திலிருந்து ஆபீஸுக்குப் போகிற ஒவ்வொரு சொல்லும் கங்காணி, சின்னக் கிராணி, பெரிய கிராணி என்று மூன்று வாய்களைத் தாண்ட வேண்டும். போய்ச் சேருவது எவ்வளவு? இதையெல்லாம் விடப் பெரிய தடை லயத்து வீடு. வீடு தோட்டத்துடையது. வேலை போனால் அன்றைக்கே கூரையும் போச்சு. தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து நின்று, தம்பி உனக்கு என்ன குறை என்று நல்ல தமிழில் கேட்டாலும், அவர் கிளம்பிப் போன பிறகு நாம் இருக்கப்போவது துரையின் வீட்டில். 'குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது' என்ற கோரிக்கை பட்டியலுக்குள் வந்ததன் காரணம் இதுதான்.

இந்தப் பட்டியலும் தொழிலாளர்களின் நேரடிக் குரலா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணியில் இருந்த ஆர். எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகைக்காரர். (2019-இல் நின்றுபோன அதே தமிழ் நேசன்தான்.) பட்டியலின் மொழி படித்தவர்களின் மொழி. 'பேச்சுரிமை' என்ற சொல்லை வெளிக்காட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சைக்கிள் அப்படி இல்லை. நகரத்துப் பத்திரிகைக்காரர் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் அது தோன்றாது. சைக்கிளிலிருந்து இறங்கி, ஓரமாக நின்று, தன் பிள்ளைக்கு முன்னால் தலையைக் குனிந்தவன்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதை ஒருவர் சிறிய விஷயம் என்று வெட்டிவிடாமல் அப்படியே எழுதியிருக்கிறார். நாதனிடம் எனக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டது அவருடைய மேடைப் பேச்சுக்காக அல்ல, இந்த ஒரு வரியை விட்டுவைத்ததற்காகத்தான்.

ஆனால் அதே காதில் விழாதது ஒன்றும் இருக்கிறது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்ட பட்டியலில், ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் கூலி என்ற வரி இல்லை. பெண்களும் அதே இருட்டில் எழுந்து, அதே நிரையில் பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு அதே ஸ்டோருக்குத்தான் நடந்தார்கள். இருந்தும் 50-க்கு 40. பெண்கள் இந்தப் பட்டியலில் தொழிலாளியாக வரவில்லை, தொழிலாளியின் வீட்டுப் பெண்ணாக, காப்பாற்றப்பட வேண்டியவளாக மட்டும் வருகிறார்கள். பட்டியல் எழுதிய இடத்தில் அவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவளிடம் கேட்டிருந்தால் இன்னும் சில வரிகள் கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1941-இன் தொடக்கத்தில் கூலிக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் ஏப்ரல் வாக்கில் சிறு கூலி உயர்வோடு தணிந்தன. மே தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். கைதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். கிள்ளானிலிருந்து சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் அது பரவியது. மே நடுவில் நெருக்கடி நிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், பலர் நாடு கடத்தப்பட்டார்கள். நாதனையும் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இது வெளியார் தூண்டிவிட்ட அரசியல் கலகம் என்பதே அரசின் நிலைப்பாடு. காந்தித் தொப்பியும் காங்கிரஸ் கொடியும் அதற்கு வசதியான சாட்சிகள். ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். அதே லயங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். சைக்கிள் விவகாரம் அத்தோடு மறந்துபோனது.

மறக்காதது கள்ளுக்கடை. போருக்குப் பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. இளைஞர்கள் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம். அரசு கமிஷன் வைத்துத் தீர்க்காததைத் தாங்களே தீர்க்கப் பார்த்தார்கள். அவர்களுடைய முறை எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை, குடித்தவர்களை அவர்களே பிடித்துத் தண்டித்ததும் உண்டு. ஆனால் தங்கள் தேவை எது என்று அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். நாட்டின் கவனம் கிராமத்துப் பக்கம் திரும்பியது. சாலை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், நிலக் குடியேற்றம் என்று பெரிய திட்டங்கள் வந்தன. தோட்டம் ஊருக்கு வெளியே, காட்டோரத்தில்தான் இருந்தது. இருந்தும் பெரும்பாலும் அந்தத் திட்டங்களுக்குள் அது வரவில்லை. காரணம் எளிது, அது தனியார் நிலம். ரோடு போடுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் முதலாளியின் பொறுப்பு. முதலாளியோ 1950-களிலிருந்து தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஸிஸ் 1962-இல் விரிவான ஆய்வறிக்கையே எழுதியிருக்கிறார். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கிராமத்தவர்களும் ஆகவில்லை, நகரத்தவர்களும் ஆகவில்லை. அரசு கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே முதலாளி இருக்கிறார் என்று போய்விட்டது.

போன வருடம் அந்தக் கோல லங்காட் தோட்டத்துக்கு மறுபடி போனேன். ஆராய்ச்சி, கட்டுரை என்று எந்தக் காரணமும் இல்லை. சும்மா போக வேண்டும் போல இருந்தது. கேட்டில் இப்போது நேப்பாள் ஜாகா. ஐசியை வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டினார். பெயர், காடி நம்பர், யாரைப் பார்க்க, எதற்கு. 'எதற்கு' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் லோரி ஹாரன் அடித்தது. 'உறவு' என்று எழுதிக் கொடுத்தேன்.

தொட்டி இருந்தது. குழாய் உடைந்திருந்தது. நாங்கள் வடிகட்டி வைத்த இடத்தில் யாரோ கறிவேப்பிலை நட்டு, நன்றாகவே வளர்ந்திருந்தது. பாட்டியும் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் மைலோ வந்தது. வேலை, கல்யாணம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, மருமகன் இப்போதாவது வருகிறாரா என்று கேட்டேன்.

"வருவாரே. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மாசம் ஒருக்கா வருவாரு. ஆனா உள்ள வர மாட்டாரு, கேட்டுக்கு வெளிய காடிய நிப்பாட்டிட்டு போன் போடுவாரு. நான் மெதுவா நடந்து போய்ப் பாத்துட்டு வந்துருவேன். முறுக்கு, கிறுக்கு ஏதாச்சும் கையில எடுத்துக்குவேன்."

லயத்திலிருந்து கேட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். வெயிலில் நிழல் கிடையாது, செம்பனை ஓரமாகத்தான் நடக்க வேண்டும்.

"மழ வந்தா என்ன பாட்டி செய்வீங்க?"

"மழ வந்தா போகமாட்டேன். அடுத்த மாசம்."